மேற்குக் கதவு

முள் ஏறியது.

சுவரில் மாட்டியிருந்த வட்டப் பித்தளைப் பெட்டிக்குள் அதுவரை சோம்பலாக இறங்கிக்கொண்டிருந்த ஒற்றை முள், யாரோ அதட்டிக் கூப்பிட்டதுபோல விலுக்கென்று ஏறியது. கையில் சாக்பீஸோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் இறங்கினால் மழை, புயல். ஏறினால் வானம் தெளிவு என்று சற்று முன்புதான் பதினொரு பெண்களுக்குப் பாடம் சொல்லியிருந்தேன்.

தகரக் கூரையின் இடுக்குகளில் விழுந்துகொண்டிருந்த வெயில் மஞ்சளாகி, செங்கல் பொடி நிறமாகி, அப்புறம் இல்லாமலே போனது. எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. கரண்ட் போய்விட்டது. காக்கைகள்கூடக் கத்தவில்லை.

'ஏறிவிட்டது, இனி ஒன்றும் வராது' என்று பெருமூச்சு விட்டேன். வாழ்க்கையில் நான் விட்ட மூச்சுகளிலேயே மோசமானது அது.

சாயக்காரர் வீட்டு மாடி

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வைகாசி. மதுரையில், மகாலுக்குப் பின்னால் ஒரு நெருக்கமான தெரு. எனக்கு இருபத்தாறு வயது. மிஷன் பள்ளியில் இயற்பியல் டீச்சர். கோடை விடுமுறையில், ப்ளஸ் டூ போகப்போகும் பெண்களுக்கு ட்யூஷன் எடுத்தேன்.

இடம் கொடுத்தவர் சரோஜாக்கா. சௌராஷ்டிரக் குடும்பம். கீழே சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கும் பட்டறை, நடுவில் வீடு, மொட்டை மாடியில் மழைக்காலத்தில் சேலை உலர்த்துவதற்கென்று நீளமான தகரக் கொட்டகை. கோடையில் சேலைகள் வெயிலிலேயே காய்ந்துவிடும். கொட்டகை சும்மா கிடக்கும்.

"சும்மா கெடக்குறதுக்கு நாலு புள்ளைக படிச்சிட்டுப் போகட்டுமே டீச்சர்" என்று சாவியை என் கையில் வைத்தார். கொடுத்த கை மணிக்கட்டுவரை சிவப்பு. சாயம் அவர் தோலிலிருந்து ஒருநாளும் போனதில்லை. சேலையில் புள்ளி விழ, துணியை அரிசி அளவு கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அதற்காக வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருப்பார். ஒரு நிமிடத்தில் அவர் எத்தனை முடிச்சுப் போடுவார் என்று எண்ணப் பார்த்து, தோற்றுப்போயிருக்கிறேன்.

கொட்டகைக்கு இரண்டு கதவுகள். கிழக்குக் கதவு மாடிப்படிப் பக்கம், எப்போதும் திறந்தே கிடக்கும். மேற்குக் கதவு நாகமலைத் திசையைப் பார்த்தது. சித்திரை பிறந்த அன்றே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, குறுக்கே ஒரு வேலமரக் கட்டையைச் சொருகி அடைத்துவிடுவார்கள். ஆடிக் காற்று ஓயும்வரை திறப்பதில்லை.

"காத்து வேணும்னா கெழக்க தொறந்து வச்சுக்கங்க. மேக்கு மட்டும் வேணாம். எங்க மாமனார் காலத்துலருந்து வழக்கம்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம், மற்ற ஆறு நாளும் அறிவியல் என்று வளர்ந்தவள் நான். பொட்டு வைத்த கதவைப் பார்த்ததுமே, இது சாஸ்திரம் என்று மனசு ஒதுக்கிவிட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தப் பித்தளைப் பெட்டி, பள்ளி ஆய்வகத்தின் காற்றழுத்தமானி. அனுமதி வாங்கி, ஒரு கூடையில் துணி சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சரோஜாக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கடியாரத்துல ஒரே முள்ளுதான் இருக்கு? மணி எப்பிடிப் பாக்குறது?"

"இது மணி காட்டாதுக்கா. காத்து எம்புட்டுக் கனமா இருக்குன்னு காட்டும்."

"காத்துக்குக் கனமா! அப்ப எங்க வீட்டுக்காரர் சோம்பலுக்கு எம்புட்டுக் காட்டும்னு பாருங்க."

கீழே பட்டறையிலிருந்து அவர் கணவர் துளசியண்ணன் குரல் வந்தது: "கேக்குது, கேக்குது!"

அண்டாவும் கணுக்காலும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பள்ளி மணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, எனக்கு இருக்கிற பயம் எல்லாம் ஒரே திசையிலிருந்து வருகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காற்றுக்குக் கனம் உண்டு என்று புத்தகத்தில் படித்தேன். கணுக்காலில் உணர்ந்தது அந்தப் பட்டறையில்தான். சாய அண்டா கொதிக்கும்போது ஆவி திரண்டு முற்றத்து வழியாக மேலே போகும். போன இடம் காலியாக இருக்குமா? சந்திலிருந்து குளிர்ந்த காற்று வாசலைத் தாண்டி, தரையோடு தரையாக ஊர்ந்து உள்ளே வரும். அண்டா பக்கத்தில் நின்றால் முகம் வேகும், கணுக்கால் சில்லிடும்.

சித்திரை வைகாசியில் மதுரையே ஓர் அண்டா. திருமங்கலத்துக் கரிசலும் உசிலம்பட்டி மானாவாரிக் காடும் நாள் முழுக்க வெந்து, மேலிருக்கும் காற்றை லேசாக்கி மேலே அனுப்புகின்றன. தரைமேல் கனம் குறைகிறது. குறைந்த இடத்தைத் தேடிக் கடல் பக்கத்து ஈரக்காற்று வருகிறது, அதுவும் ஏறுகிறது. மேற்கு மலைகளின் தலையில் மேகம் கோபுரமாக எழும்புகிறது. ஓரளவுக்கு மேல் தாங்காது. உள்ளே மழையில் குளிர்ந்து கனத்துப்போன காற்று மொத்தமாகக் கீழே விழுகிறது. ஒரு குடம் தண்ணீரை மாடித் தரையில் கவிழ்த்துப் பாருங்கள், நாலு பக்கமும் எப்படி ஓடுகிறது என்று. விழுந்த காற்றும் அப்படித்தான் ஓடும், மண்ணை வாரிக்கொண்டு.

அந்த முள் ஏறியது அதனால்தான். கனத்த காற்று வந்து எங்கள் தலைமேல் உட்கார்ந்துவிட்டது என்று அது நேர்மையாகச் சொல்லியது. தப்பாகப் படித்தவள் நான்.

வானொலியில் 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று சொல்லும்போதெல்லாம், அது மெட்ராஸ்காரர்கள் பாடு என்று மதுரையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம். எங்கள் ஊர்க் கோடைக்காற்றுக்கு அப்போதெல்லாம் அறிவிப்பு கிடையாது. அரைமணி நேரம்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விடும்.

இன்னும் ஒரே ஒரு கணக்கு

அன்றைக்கு மூன்று மணியிலிருந்தே முள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தேன். காற்றின் கனம் தினமும் காலை பத்து மணி வாக்கில் ஏறும், பிற்பகல் நாலு மணி வாக்கில் இறங்கும். இரண்டு வாரமாகக் குறித்து வைத்திருந்தேன். "பாத்தீங்களா, டைம்டேபிள் மாதிரி" என்று பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஜெயந்தி கையைத் தூக்கினாள். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். கெட்டிக்காரி. எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் நேராக வைக்கிற பெண்.

"டீச்சர், மேக்க கருக்குது. நான் கெளம்பவா? எங்க ஊருப் பக்கம் இந்நேரம் புடிச்சிருக்கும்."

"முள்ளப் பாரு. வழக்கமா எறங்குறதுதான். ஒக்காரு."

"முள்ளு பஸ்ஸுல வராதே டீச்சர், நானுல்ல போகணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலே கால் இருக்கும். துளசியண்ணன் கீழேயிருந்து கத்தினார். "டீச்சரம்மா! உசிலம்பட்டி பஸ்ஸு சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நிக்கிதாம்! புள்ளைகள அனுப்புங்க!"

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த பஸ்தான் எங்களுக்கு வந்த தந்தி. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஏழாவதுக்கு மேல் படிக்காத துளசியண்ணன்.

அடுத்து சரோஜாக்காவின் குரல், படிக்கட்டிலிருந்து. "டீச்சர், கீழ எறங்குங்க. பட்டறையில ஒக்காந்து படிக்கட்டும். சேலையெல்லாம் எடுக்கணும்."

"அஞ்சே நிமிசம்க்கா. ஒரே ஒரு கணக்கு."

அந்தக் கணக்கு என்னவென்று இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கட்டை

முள் ஏறியது அப்போதுதான். முதலில் ஒரு சில்லிப்பு. கிழக்குக் கதவு வழியாகக் காற்று வெளியே போனது, யாரோ வெளியிலிருந்து உறிஞ்சுவதுபோல. பிறகு மேற்குச் சுவரில் லாரி மோதியதுபோல ஓர் அடி.

தகரம் முழங்கத் தொடங்கியது. அதை இரைச்சல் என்று சொல்ல முடியாது. பல்லில் கேட்டது. கூரை மேலே ஒரு விரற்கடை எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கூரையைச் சட்டத்தோடு பிடித்திருந்த கொக்கி ஆணிகள் ஒவ்வொன்றாக முனகின. பெண்கள் பாயை விட்டு எழுந்து என்னைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள். பதினொரு பேரின் மூச்சு என் கழுத்தில்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வரி நினைவுக்கு வந்தது. பள்ளி நூலகத்தில் ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் படித்தது: புயலில் வீட்டுக்கு உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு, கதவைத் திறந்துவிட்டால் இரண்டும் சமமாகும், கூரை பிழைக்கும்.

"ஜெயந்தி! மேக்குக் கதவத் தொற!"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா தொறக்கக் கூடாதுன்னாங்களே டீச்சர்."

"சாஸ்திரம் பேசுற நேரமா இது? நான் சொல்றேன்ல? தொற!"

அவள் போனாள். குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கி உருவினாள். அந்தப் பதற்றத்திலும் அதைக் கீழே போடவில்லை. பக்கத்துச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்தாள். அப்புறம் தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு அவளைச் சுவரோடு தள்ளிவிட்டுத் திறந்தது. மண்ணும் சருகுமாகக் காற்று உள்ளே வந்தது. வந்த காற்று முழுதும் வெளியேற அந்த அளவு வழி கிழக்கே இல்லை. கொட்டகை உப்பியது. ஊதிய பலூனுக்குள் நிற்பதுபோலக் காது அடைத்தது. கூரையை மேலே வெளிக்காற்று இழுத்தது. கீழேயிருந்து, நான் திறந்துவிட்ட காற்று தள்ளியது. கொக்கி ஆணிகள் தெறித்தன.

"மேக்கு! மேக்கு!" என்று கத்திக்கொண்டே சரோஜாக்கா கிழக்கு வாசலில் வந்து நின்றார். பெண்களைப் பிடித்துப் பிடித்துப் படிக்கட்டுக்குத் தள்ளினார். தள்ளிவிட்டுத் தன்னுடைய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே குனிந்தபடி மேற்குக் கதவை நோக்கி ஓடினார். இரண்டு கையையும் கதவில் வைத்துச் சாத்த முயன்றதைப் பார்த்தேன்.

தலைக்கு மேல் வானம் தெரிந்தது.

சாயம்தான், சாயம்தான்

தகரங்கள் சீட்டுக்கட்டைக் கலைத்தாற்போலப் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. சுழன்று திரும்பிக் கதவடியில் விழுந்தது. அதன் கீழே சரோஜாக்கா.

ஆலங்கட்டி விழுந்தது. பிறகு மழை. நானும் ஜெயந்தியும் தகரத்தைப் புரட்டினோம். அக்கா சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார், கண் திறந்திருந்தது. மழைத் தண்ணீர் அவரிடமிருந்து சிவப்பாக ஓடியது. மாடியில் கிடந்த ஈரச் சேலைகளிலிருந்தும் சிவப்பாக ஓடியது. இரண்டும் ஒன்றாகிக் கீழே இறங்கும் குழாயை நோக்கிப் போயின.

"சாயம்தான் டீச்சர். சாயம்தான்" என்று ஜெயந்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் சொன்னேன். அக்காவின் வலது கையைப் பிடித்து மழையில் நீட்டினேன், சாயம் போய்விடும் என்று. கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது.

துளசியண்ணன் ஏறி வந்து ஒரு சேலையைக் கிழித்துக் கட்டினார். மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவர் காலிலிருந்த செருப்பு ஒன்று படியில் கழன்று கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்தில் வெயில் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சேலை மின்கம்பத்தில் தொங்கியது. சுவரில் காற்றழுத்தமானி அப்படியே இருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லாமல்.

ஆஸ்பத்திரியில்

உயிருக்கு ஒன்றுமில்லை. பெண்களுக்குச் சிராய்ப்புதான். ஆனால் தகரத்தின் விளிம்பு அக்காவின் உள்ளங்கையைக் குறுக்கே அறுத்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இனிமேல் முழுசாக மடங்காது என்றார்கள். முடிச்சுப் போடுகிற இரண்டு விரல்கள்.

மறுநாள் நான் போனபோது ஜெயந்தி முன்னாலேயே வந்து கட்டிலோரம் நின்றிருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அதற்குள் துளசியண்ணன் கேட்டார். "கதவு எப்பிடித் தொறந்துச்சு சரோஜா? கட்டை போட்டுத்தான இருந்துச்சு?"

"பழைய கட்டை. காத்து தள்ளிருச்சு" என்றார் அக்கா.

ஜெயந்தி தரையைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை அக்கா இடது கட்டைவிரலில் நகம் வளர்க்கத் தொடங்கியிருந்தார், பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை வீட்டில் விருந்தாளிகள். மூன்றாம் தடவை காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வழக்கத்தின் காரணத்தையும் பின்னால்தான் படித்துப் புரிந்துகொண்டேன். காற்று வருகிற பக்கத்தை அடைத்து, போகிற பக்கம் மட்டும் திறந்திருந்தால், உள்ளே கனம் குறையும். கூரை தன் சட்டத்தோடு ஒட்டி நிற்கும். வருகிற பக்கம் திறந்தால் உள்ளிருந்தே கூரையைப் பெயர்க்கும். அக்காவின் மாமனார் இதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். ஒன்றிரண்டு கூரையை இழந்திருப்பார். பொட்டு வைத்தால்தான் அடுத்த தலைமுறை கை வைக்காது என்று வைத்திருப்பார்.

இப்போதும் மேற்கே கருத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. வடகம் காய்கிறது, துணி காய்கிறது என்று மதுரையே அந்த நேரத்தில்தான் மொட்டை மாடிக்கு ஓடும். நான் எல்லோரையும் கீழே இழுப்பேன். வடகம் போகட்டும். காங்கிரீட் போட்ட அறை, ஜன்னலை விட்டுத் தள்ளி, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பந்தல் துணி படபடத்தால், பந்தியில் இருப்பவர்களைக்கூட எழுப்பிவிடுவேன். பந்தல் காலைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் பார்க்கும் ஆண்களைக் கெஞ்சி விலக்குவேன். மரத்தடி, விளம்பரத் தட்டி, தகரம், எதன் கீழும் நிற்கமாட்டேன். வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'வானிலை அறிக்கை'. சிரிக்கட்டும்.

பங்குனிக் கடைசி

பத்து வருடம் கழிந்திருக்கும். ஜெயந்தியின் கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு சேலை எடுக்கலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். கொட்டகையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சுவர் கனம், கூரைச் சட்டம் கனம். கதவு அதே இரண்டுதான். உள்ளே ஐந்தாறு பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோஜாக்காவும் போட்டார், இடது கையால், முன்பு இருந்த வேகத்தில் பாதி.

சித்திரை பிறக்க இன்னும் நாலு நாள். மேற்குக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக நாகமலை தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்தபோது மலை தெரியாமல் போனது.

அக்கா தலையைத் தூக்கி மோந்தார். "எல்லாரும் கீழ எறங்குங்கடி. சேலைய விடு, ஆளு எறங்கு." பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள். நானும் படியில் கால் வைத்துவிட்டேன்.

"டீச்சர்."

திரும்பினேன்.

"மேக்குக் கதவு. நீங்க போட்டுட்டு வாங்க."

நடந்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். குறுக்குக் கட்டை பக்கத்துச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் கை எழவில்லை.

"அன்னைக்கும் அங்கனதான் இருந்துச்சு" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "ஒடையாம, நேரா. காத்து தள்ளுன கட்டைய, காத்தே எடுத்துச் செவுத்துல சாத்தி வைக்குமா டீச்சர்?"

"அக்கா, அது நான்…"

"தெரியும். மொதல்ல கட்டையப் போடுங்க. வருது."

எடுத்துச் சொருகினேன். ஒரு முனை சரியாக உட்காரவில்லை. என் கைக்குப் பக்கத்தில் சிவந்த கை ஒன்று வந்து, மடங்காத இரண்டு விரல்களால் அந்த முனையை அழுத்தியது.

கட்டை இறங்கி உட்கார்ந்தது. அந்தப் பக்கம் காற்று வந்து மோதியது.